மணலுக்கு இறக்கிய காற்று

மணலில் புதைந்த வாகனத்தால் உயிர் போவது அரிது. நாலு பேர் சேர்ந்து தள்ளினாலோ, ஓர் உழவு இயந்திரம் வந்து கயிறு போட்டு இழுத்தாலோ அலுவல் முடிந்துவிடும். மணலிலிருந்து மீண்டு, அதே ரயரோடும் குறைந்த காற்றோடும் தார் வீதியில் ஏறி வேகம் எடுக்கும் வாகனத்துக்குத்தான் பயப்பட வேண்டும். மண்கும்பானில் புதைமணலுக்கும் தார் வீதிக்கும் இடையே அதிக தூரம் இல்லை.

பண்ணைப் பாலம் கடந்து, அல்லைப்பிட்டி தாண்டி வரும் இந்த ஊரில் பனைகளுக்கு இடையே வெண்மணல் மேடுகள் கிடக்கின்றன. சற்று அப்பால் சாட்டிக் கடற்கரை. விடுமுறை நாட்களில் கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருபவர்கள் வான், டபிள்கப், ஜீப் என்று கொண்டுவந்து மணல் ஓரத்தில் இறக்கிப் பார்க்கிறார்கள். அன்றே வேலணை வழியாக வாணர் பாலத்தால் புங்குடுதீவு போய்க் குறிகட்டுவானில் படகு பிடிப்பார்கள். மறுநாள் இரவு ஏ9 வீதியில் கொழும்புக்குத் திரும்புவார்கள். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ஏறத்தாழ 400 கிலோமீற்றர். ஆகவே ஒரே நாலு ரயர்கள் நெடுந்தூரத் தாரையும், இருபுறமும் உப்புநீர் நிற்கும் தாம்போதியையும், தீவகத்துச் சுண்ணாம்புக் கல்லையும், புதைமணலையும் இரண்டு நாளுக்குள் பார்த்துவிடுகின்றன.

இந்தத் தேவைக்கென்று கடையில் காட்டப்படுவது ஏ.ரீ. ரயர்; ஓல் டெரெய்ன், அதாவது எந்தத் தரைக்கும் ஏற்றது என்று பெயர். இதற்கு ஒரு பக்கம் எச்.ரீ. எனப்படும் வீதி ரயர், மறுபக்கம் எம்.ரீ. எனப்படும் சேற்று ரயர். பார்வைக்கு முரட்டுத்தனமாக இருப்பதே மணலுக்கு நல்லது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. அது பிழை. சேற்று ரயரின் உயர்ந்த கட்டைகள் வழுக்கும் மண்ணைத் தோண்டிப் பிடித்து ஏறுவதற்காக வெட்டப்பட்டவை. காய்ந்த மணலில் அவை மண்வெட்டி போல வேலை செய்யும்: சக்கரம் சுற்றச் சுற்றத் தன் குழியைத் தானே ஆழமாக்கிக்கொள்ளும். மணலில் வேண்டியது தோண்டாமல் மேலே மிதந்து போகும் ரயர். அதைத் தருவது பெரும்பாலும் கட்டையின் வடிவம் அல்ல, உள்ளே இருக்கும் காற்றின் அளவு.

இதை ஏறத்தாழ நூறு ஆண்டுக்கு முன்னரே அனுபவத்தில் கற்றவர்கள் இருக்கிறார்கள். றால்ஃப் பக்னோல்ட் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி 1920களிலும் 1930களிலும் போர்ட் கார்களில் லிபியப் பாலைவனத்தின் மணற்குன்றுகளைக் கடந்தார். அவர் கையாண்ட வழிகளில் முக்கியமானது ரயரின் காற்றைக் குறைத்து மணலில் ஏறுவது. பின்னாளில், 1941இல், மணல் காற்றில் நகரும் விதம் பற்றி அவர் எழுதிய நூல் அந்தத் துறைக்கே அடிப்படையானது.

கணக்கு எளிது. ஒரு சக்கரத்தின் மேல் 500 கிலோ பாரம் என்று வையுங்கள். காற்று 35 பி.எஸ்.ஐ. இருந்தால் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 200 சதுர சென்ரிமீற்றர். அதை 16 பி.எஸ்.ஐ. ஆக்கினால் பரப்பு 440 சதுர சென்ரிமீற்றரைத் தொடும். பக்கச்சுவரின் விறைப்பால் உண்மையில் சிறிது மாறினாலும் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்பது உறுதி. இந்தப் பரப்பு அகலத்தில் கூடுவதைவிட நீளத்தில்தான் அதிகம் கூடுகிறது. அதனால்தான் வழுவழுப்பான வீதி ரயர்கூடக் காற்று குறைந்ததும் மணலில் போகிறது, 40 பி.எஸ்.ஐ. அடித்த விலையுயர்ந்த ஏ.ரீ. ரயர் முதல் இருபது மீற்றரிலேயே புதைகிறது.

அதே காற்றோடு தாரில் ஏறினால் என்ன நடக்கிறது? ஜீப் அளவு ரயரின் விட்டம் ஏறத்தாழ 75 சென்ரிமீற்றர். மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் அது நிமிடத்துக்கு 500 தடவை சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவரின் ஒவ்வொரு இடமும் ஒருமுறை மடிந்து நிமிர்கிறது. காற்று பாதியாக இருக்கும்போது அந்த மடிப்பு இன்னும் ஆழம். மடிந்து நிமிரும் றப்பர் சூடாகும். சித்திரை வைகாசி வெயிலில் தார் ஏற்கெனவே 60 பாகை செல்சியஸை நெருங்கிக் கிடக்கிறது. வெப்பம் வெளியேற வழியில்லை. உள்ளே உருக்குக் கம்பிப் பட்டிகளைப் பிடித்துவைத்திருக்கும் றப்பர் இளகத் தொடங்கும். ஒரு கட்டத்தில் மேற்பட்டி முழுவதுமாகப் பிய்ந்துகொண்டு போகும். அது நடக்கும்போது வாகனம் கடற்கரையில் நிற்காது. பரந்தனுக்கும் மாங்குளத்துக்கும் நடுவில், எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கும்.

ஏ.ரீ. ரயர் வாங்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய ஒரு வரலாறு உண்டு. 1990களில் அமெரிக்காவின் போர்ட் எக்ஸ்புளோரர் வாகனங்களுக்கு பயர்ஸ்ரோன் கொம்பனி வழங்கிய ரயர்களில் ஒன்றின் பெயர் வில்டர்னஸ் ஏ.ரீ. இந்த ரயர்களின் மேற்பட்டி நெடுஞ்சாலை வேகத்தில் பிரிந்தது. பின்சக்கரத்தில் பிரிந்தபோது உயரமான அந்த வாகனங்கள் புரண்டன. இந்தக் கோளாறு முதலில் வெளிப்பட்ட இடங்களில் சவூதி அரேபியா உட்பட்ட வளைகுடா நாடுகளும் இருந்தன. 1999இல் அங்கே போர்ட் ரயர்களை மாற்றிக்கொடுத்தது. அப்போது சொல்லப்பட்ட விளக்கம், ஓட்டுநர்கள் பாலைவன மணலுக்காகக் காற்றை இறக்கிவிட்டுத் திரும்ப நிரப்பாமல் நெடுஞ்சாலையில் ஓடுகிறார்கள் என்பது. அடுத்த ஆண்டு, 2000 ஓகஸ்ட் 9இல், பயர்ஸ்ரோன் 65 இலட்சம் ரயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 271 மரணங்களை இந்த ரயர்களோடு தொடர்புபடுத்தியது. மரணங்கள் அரிசோனா, ரெக்சஸ், புளோரிடா போன்ற வெப்ப மாநிலங்களில் குவிந்திருந்தன. 2001 ஒக்ரோபரில் முடிந்த விசாரணை ரயரின் வடிவமைப்பிலேயே குறை கண்டது. ஆகவே பழியை ஓட்டுநர்கள் தலையில் மட்டும் போட முடியாது. ஆனாலும் அந்த வழக்கில் பெரிதாக அடிபட்ட ஒரு விடயத்தைக் கவனியுங்கள். போர்ட் சிபாரிசு செய்த காற்று 26 பி.எஸ்.ஐ.; பயர்ஸ்ரோன் 30 வேண்டும் என்றது. நாலு பி.எஸ்.ஐ. வித்தியாசத்துக்காக இரண்டு பெரிய கொம்பனிகள் மோதிக்கொண்டன. சாட்டிக் கரையில் நாம் இறக்குவது பதினைந்து, இருபது.

அந்தத் துயரத்தின் பின் வந்த சட்டத்தால் 2007 செப்ரெம்பர் முதல் அமெரிக்காவில் புதிய இலகு வாகனங்கள் எல்லாவற்றிலும் காற்றுக் குறைவை அறிவிக்கும் விளக்கு கட்டாயமாயிற்று. நம் வீதிகளில் ஓடும் வாகனங்களில் பல அதற்கு முந்தியவை, அல்லது அந்த வசதி இல்லாத மலிவு வகைகள். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தது. அந்த இடைவெளியில் இருந்ததையே ஒட்டுப்போட்டு ஓடினோம். எச்சரிக்கும் விளக்கு இல்லாத இடத்தில் காற்று அளக்கும் சிறு மானியும் ஓட்டுநரின் கையும் மட்டுமே உண்டு.

யாழ்ப்பாணத்து ரயர் கடையொன்றில் டபிள்கப் ஒன்றின் பின் ரயரைக் கழற்றியபோது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வெளியே ஒரு பழுதும் தெரியவில்லை. கட்டைகள் அரைவாசிக்கு மேல் இருந்தன. றிம்மிலிருந்து எடுத்துக் கவிழ்த்துத் தட்டியதும், உள்ளிருந்து ஒரு கைப்பிடி கறுப்புத் தூள் சீமெந்துத் தரையில் கொட்டியது.

“அண்ணை, இது மண் இல்லை. உள்ளுக்கை அரைஞ்ச றப்பர்,” என்றார் கடைக்காரத் தம்பி. “விரலை விட்டுத் தடவிப் பாருங்கோ.”

பக்கச்சுவரின் உட்புறத்தில், சுற்றிவர, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வளையம் சொரசொரப்பாகியிருந்தது. ஓரிடத்தில் நூல் தெரிந்தது. காற்றில்லாமல் ஓடிய ரயர் தன்னைத் தானே அரைத்த தடம் அது.

“காத்தடிச்சா இன்னும் கொஞ்ச நாள் ஓடும்தானே தம்பி?”

“ஓடும் அண்ணை. எங்கை வெடிக்கும் எண்டுதான் சொல்லேலாது.”

திரும்பக் காற்றடித்தால் பழைய நிலைக்கு வந்துவிடும் என்று நம்புபவர்களுக்கு அந்தக் கறுப்புத் தூளைக் காட்ட வேண்டும். பழுது உள்ளே நடந்துவிட்டது, வெளியே மினுங்கும். டிப்பர் போன்ற பாரவாகனங்களின் உருக்குக் கம்பி ரயர்களில் இது இன்னும் கொடியது. காற்றின்றி ஓடிய பாரவாகன ரயருக்குத் திரும்பக் காற்றடிக்கும்போது பக்கச்சுவர் நீளமாகக் கிழிந்து வெடிக்கிறது. பக்கத்தில் குனிந்து நிற்பவர் தூக்கி எறியப்படுகிறார். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி, வேண்டிய காற்றில் 80 சதவீதமோ அதற்குக் கீழோ வைத்து ஓடிய பாரவாகன ரயரைக் காற்று முழுவதையும் இறக்கிய பிறகே கழற்றச் சொல்கிறது. காற்றடிக்கும்போது இரும்புக் கூட்டுக்குள் வைக்கச் சொல்கிறது. நம் வீதியோரக் கடைகளில் அந்தக் கூட்டை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? உழைக்கப் போன பொடியனின் உயிர் அது.

மழை வந்தால் கணக்கு வேறு. நாசாவில் வோல்ற்றர் ஹோர்ன் 1960களில் விமான ரயர்களைச் சோதித்துக் கண்ட ஒரு விதி உண்டு: தேங்கிய நீரில் ரயர் தரையை விட்டு எழும்பி நீரின் மேல் வழுக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அந்த விதிப்படி 36 பி.எஸ்.ஐ. காற்றுக்கு மணிக்கு 100 கிலோமீற்றர் வருகிறது. 16 பி.எஸ்.ஐ.க்கு 67தான். பள்ளம் ஆழமான புது ரயர் இதைவிடத் தாங்கும். தேய்ந்த ரயருக்கு இது நெருக்கமான கணக்கு. ஊர்மனை இல்லாத இடங்களில் காருக்கு இந்த நாட்டில் அனுமதித்த வேகம் 70. அதாவது சட்டத்தை மீறாமல், அனுமதித்த வேகத்துக்குள்ளேயே ஒருவர் ஸ்ரியறிங்கை இழக்கலாம். ஐப்பசி கார்த்திகை மழையில், ஒதுங்க இடமில்லாத தாம்போதியில், வாடைக்காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது இதை நினைத்துப் பாருங்கள்.

இனி எதை வாங்குவது என்ற கேள்வி. வாகனம் ஓடும் தூரத்தில் மணல் எவ்வளவு என்று முதலில் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆண்டில் சில தடவை மட்டும் சாட்டிக்கும் மணற்காட்டுக்கும் போகிறவருக்கு நல்ல எச்.ரீ. ரயர் போதும், காற்றைக் குறைத்தால் அது மணலில் போகும், மழைத் தாரில் ஏ.ரீ.யைவிடக் குறுகிய தூரத்தில் நிற்கும், டீசலும் மிச்சம். நெடுந்தீவின் கல் ஒழுங்கைகளிலும் தீவகத்தின் உடைந்த வீதிகளிலும் அன்றாடம் ஓடுபவருக்கு ஏ.ரீ. பொருந்தும். காரணம் மணல் அல்ல, கல். சுண்ணாம்புப் பாறையின் கூர் விளிம்பு வீதி ரயரின் மெல்லிய தோளைக் கீறிவிடுகிறது, ஏ.ரீ.யில் அந்த இடம் தடிப்பு. இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காற்றிறக்கிய ரயரின் பக்கச்சுவர் வெளியே பிதுங்கி நிற்கும். மண்கும்பான் மணலுக்கு இறக்கிய காற்றோடு முருகைக்கல் கிடக்கும் ஒழுங்கைக்குள் திருப்பினால், ரயரின் மிக மெல்லிய பகுதியையே கல்லுக்குக் கொடுக்கிறீர்கள். பக்கச்சுவர் கிழிந்தால் ஒட்ட முடியாது. எம்.ரீ.யை நம் ஊரில் யாருக்கும் சிபாரிசு செய்ய எனக்குக் காரணம் தெரியவில்லை.

ஏ.ரீ. வாங்க முடிவெடுத்தவர்கள் பலர் சறுக்கும் இடம் எல்.ரீ. என்ற இரண்டு எழுத்து. அளவுக்கு முன்னால் இந்த எழுத்து இருந்தால் அது இலகு லொறி ரகம்; ‘பத்துப் பிளை’ என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்வது இதைத்தான். பலமானதுதான். ஆனால் அந்தப் பலம் 80 பி.எஸ்.ஐ. வரை காற்று நிரப்பும்போது வருகிற பலம். சாதாரண ரயர் சுமக்கும் அதே பாரத்தைச் சுமக்க எல்.ரீ.க்குக் கூடுதல் காற்று வேண்டும். ஓட்டுநர் கதவோரத் தகட்டில் எழுதியிருக்கும் 30ஐயே இதற்கும் அடித்துவிட்டு ஓடுபவர், ஒருநாளும் மணலைப் பார்க்காமலே, குறைந்த காற்றில் ஓடிக்கொண்டிருக்கலாம். கடையில் கேட்க வேண்டிய கேள்வி “எத்தனை பிளை?” என்பதல்ல, “என் வண்டிப் பாரத்துக்கு இந்த ரயருக்கு எவ்வளவு காற்று?” என்பது. பதில் தெரியாத கடையில் எல்.ரீ. வாங்காதீர்கள்.

அளவுக்குப் பின்னால் வரும் எண்ணையும் எழுத்தையும் பாருங்கள். 265/65 ஆர் 17 112 எஸ் என்றிருந்தால், 112 என்பது ஒரு ரயர் 1120 கிலோ தாங்கும் என்ற குறி; எஸ் என்பது 180 கிலோமீற்றர் வேகம் வரைக்குமான குறி. வாகனத்தோடு வந்த எண்ணுக்குக் கீழே போகக் கூடாது. அந்தத் தாங்கும் அளவும் முழுக் காற்றுக்குத்தான். காற்றைப் பாதியாக்கினால் அது ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இறங்கிவிடும். மூன்று முனை கொண்ட மலையும் பனிச்செதிலும் வரைந்த ஒரு முத்திரைக்காகக் கூடுதல் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். அது பனி கொட்டும் நாட்டுக்கான சான்று.

பக்கச்சுவரில் டீ.ஓ.ரீ. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்கள் ரயரின் வயது. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். இந்த எண் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் முழுமையாக இருக்கும். உட்பக்கம் திரும்பியிருந்தால் ரோச் லைற் பிடித்துக் குனிந்து பார்க்க வேண்டும். ஐக்கிய அரபு இராச்சியத்தில் ஐந்து வயது கடந்த ரயரோடு ஓட விதி அனுமதிப்பதில்லை. அங்கே வாகனம் ஓட்டிப் பழகிய நம்மவர்கள் இதை அறிவார்கள். இங்கேயும் வெயில் கடுமைதான். றப்பர் ஓடாமல் நின்றாலும் முதுமையடைகிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வந்தால் ஓடுவதற்கென்று ஊரில் நிறுத்திவைக்கும் வாகனங்களின் ரயர்களில் கட்டை புத்தம் புதிதாக இருக்கும். பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருக்கும். அந்த வாகனத்தை எடுத்துக்கொண்டு நேரே ஏ9இல் ஏறுவதைத் தடுக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த பாவித்த ரயர் என்று விற்கப்படுவதும் இதே வகைதான்: நிறைய கட்டை, கூடிய வயது. உப்பும் சேர்ந்தால் இன்னும் மோசம். மேற்பட்டியின் சிறு வெட்டு வழியே உப்பீரம் உள்ளே போய் உருக்குப் பட்டியைத் துருப்பிடிக்க வைக்கிறது. கடற்கரையிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரால் ரயரையும் றிம்மையும் வால்வையும் கழுவும் பழக்கம் சிறிய வேலை, பெரிய காப்பு.

காற்றைத் தொடுவதற்கு ஒரே நிபந்தனை: திரும்ப நிரப்பும் பம்பி வாகனத்தில் இருக்க வேண்டும். பற்றறியில் ஓடும் சிறு பம்பி போதும். “பெற்றோல் செற்றில் அடிக்கலாம்” என்ற எண்ணம்தான் ஆட்களைத் தாரில் ஏற்றிவிடுகிறது. மணலுக்கு 18 அளவில் இறக்குங்கள். 15க்குக் கீழே போனால் திருப்பத்தில் ரயர் றிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். மணலில் இருக்கும்வரை மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் வேண்டாம். தார் விளிம்புக்கு வந்ததும் இறங்கி நிரப்புங்கள். பிள்ளைகள் பொறுமையிழந்தாலும், படகு போய்விடும் என்றாலும் நிரப்புங்கள். ஓடிச் சூடான ரயரில் காற்று நாலைந்து பி.எஸ்.ஐ. கூடக் காட்டும், அதைக் குறைத்துவிடாதீர்கள், மறுநாள் காலையில் ஆறிய பிறகு அளந்து பாருங்கள்.

மணல் மேட்டின் மேல் ஏறுவது பற்றி ஒரு வார்த்தை. மண்கும்பான் மணலுக்கு அடியில் இருப்பது மழைநீர். கடல் சூழ்ந்த தீவில் உப்புநீரின் மேல் மிதக்கும் நல்ல நீரை அந்த மணல்தான் தாங்கி வைத்திருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல நீர் நின்றால் கீழே நாற்பது அடிவரை நல்ல நீர் நிற்கும் என்பது நீரியலின் பழைய கணக்கு. மேல்மட்டம் சிறிது இறங்கினாலும் கீழிருந்து உப்பு ஏறிவிடும். வீடு கட்ட அள்ளிய மணலால் இந்த ஊர் ஏற்கெனவே நிறைய இழந்துவிட்டது. மிஞ்சிய மேட்டைக் காற்று கொண்டுபோகாமல் பிடித்து நிற்பவை அடம்பன் கொடியும் இராவணன் மீசையும். கட்டை ரயர் ஒருமுறை சுழன்றால் பல ஆண்டு படர்ந்த கொடி வேரோடு வருகிறது. எந்த ரயரும் இதற்குப் பொருத்தமானதல்ல. வாகனத்தைக் கீழே நிறுத்திவிட்டு நடந்து ஏறலாம்.

நாலு ரயரையும் ஒன்றாக மாற்றக் காசு போதாவிட்டால் புதிய இரண்டையும் பின்சக்கரங்களுக்குப் போடுங்கள், முன்சக்கர இழுவை வாகனமாக இருந்தாலும். மழையில் முன்சக்கரம் வழுக்கினால் காலை எடுத்து மீளலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். பிறகு வாகனத்துக்கு அடியில் தொங்கும் ஐந்தாவது ரயரைக் கழற்றி அதன் நாலு எண்ணையும் வாசியுங்கள். பெரும்பாலும் அதுதான் எல்லாவற்றிலும் வயது கூடியது. தாம்போதியின் நடுவில் இரவில் ரயர் போனால், மிச்ச வழி முழுவதும் உங்களைக் கொண்டுபோகப் போவது அது.